பேட்ஜ் கம்பியில் நடு இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. போனில் பேசினால் ஒரு கையால் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே "ம்... ம்..." என்பாய். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அதனால் இனிமேல் இப்படித்தான்.

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. எனக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறது. நிறம்தான் என்னைப் போலீஸ்காரி மாதிரி காட்டுகிறது. பரவாயில்லை, அதைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தால் "இந்தப் பிரேம் வேண்டாம், அந்தப் பிரேம் வேண்டாம்" என்று நூறு மூக்குக்கண்ணாடிகளைக் கலைத்துப் போடுகிறவர்கள் கொஞ்சம் அடங்கி இருப்பார்கள்.

அத்தானுக்கு அனுப்பினாயே அந்த பேட்ஜ், அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அந்தக் காரைத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பச்சை இரும்பாகத்தான் தெரியும். நீ கிளம்பிப் போன பிறகு அவர் அதைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவிப் பூட்டி ஓட வைத்துவிட்டார். இப்போது அது எனக்குச் சக்களத்தி. காலையில் எழுந்ததும் அதன் முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் என் முகத்தில் விழிக்கிறார். அந்த முகத்தில், கிரில்லுக்குக் குறுக்கே, குரோம் பூசிய ஒரு கம்பி ஓடுகிறது. பழைய கார்க்காரர்கள் தாங்கள் சேர்ந்த கிளப்புகளின் பேட்ஜ்களையும், ஓட்டி முடித்த நெடும்பயணங்களுக்குக் கிடைத்த பேட்ஜ்களையும் அந்தக் கம்பியில்தான் வரிசையாக மாட்டுவார்கள்.

இதற்கு இவர்களுக்குள் எங்கும் எழுதி வைக்காத சட்டதிட்டம் ஏராளம். பெரிய பேட்ஜ் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கலைந்து போன கிளப்பின் பேட்ஜைக் கழற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேராத கிளப்பின் பேட்ஜை மாட்டவே கூடாது. அது படிக்காத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற மாதிரியாம். ஒரே பேட்ஜ் மாட்டிய இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஹெட்லைட்டை அடித்து வணக்கம் சொல்லும். மற்றது பதிலுக்கு அடிக்க வேண்டும். அடித்தால் "நானும் உங்கள் ஆள்தான்" என்று ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

உன் அத்தானின் கம்பியில் நடு இடம் ரொம்ப நாளாகக் காலி. அவர் கிளப் கலைந்து போனதைப் போனில் உனக்குச் சொன்னேன் அல்லவா. தலை நரைத்த பெரிய மனிதர்கள் எல்லாம், அடுத்த தலைவர் யார் என்று ஆரம்பித்து, ஆண்டு விழா கேக்கை யார் வெட்டுவது என்பதில் வந்து அடித்துக்கொண்டார்கள். அதோடு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் எல்லாம் போயிற்று. இப்போது இவரும் அதே கிளப்பில் இருந்த பல் டாக்டரும் மட்டும்தான் சேர்ந்து ஓட்டுகிறார்கள். கிளப் பேட்ஜைக் கழற்றி வைத்த அன்று இவர் சாப்பிடவில்லை. குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போட்டே வாழ்ந்தவர் இல்லையா, ஒரு கோடு கோணலாக இருந்தால் தாங்க மாட்டார். நடுவில் பல் போன வாய் மாதிரி இருந்த அந்தக் கம்பியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நீ அனுப்பியது அந்த இடத்துக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. உள்ளங்கை அகலம், நல்ல கனம். கறுப்பு எனாமலில் ஒரு சாலை மேலே ஏறிப் போகிறது. சாலை முடிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை உலோகம். விளிம்பில் எழுத்துகள் இருந்த தடம் தெரிகிறது, படிக்க முடியவில்லை. என் கடையில் இருக்கிற பெரிய லென்ஸை வைத்தும் பார்த்தேன். பின்னால் இருந்த திருகு பாதியில் முறிந்திருந்தது. அவர் புதிதாக ஒன்று பற்றவைத்தார்.

மாட்டுவதா வேண்டாமா என்று அவர் பட்ட பாடு இருக்கிறதே, கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். கடைசியில், "எந்தக் கிளப்புன்னே தெரியல. யாரு வந்து கேக்கப் போறாங்க" என்று மாட்டிவிட்டார். மாட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தபோது அந்த மனிதர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ரொம்ப நாளைக்குப் பிறகு விசிலடித்தார்.

பார்சலோடு வைத்த கடிதத்தில், அலுவலகத்தில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதி இருந்தாய். முதல் பக்கத்தில் ஒரு தடவை, கடைசிப் பக்கத்தில் மூன்று தடவை. அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பதை மறக்காதே. ஒழுங்காகச் சாப்பிடு.

உன் அன்பு அக்கா

*

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. சரி, அதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இப்போது வேறு ஒன்று எழுத வேண்டும். படித்துவிட்டுச் சிரிக்காதே.

போன ஞாயிறு காலை நீர்த்தேக்கத்துக்குப் போகிற நேர் சாலையில் போனோம். பல் டாக்டர் தன் வண்டியில் முன்னால் போனார். நாங்கள் பின்னால். நான் வழக்கம்போல் பக்கத்து இருக்கையில், மடியில் பிளாஸ்கை வைத்துக்கொண்டு. எதிரே தூரத்தில் ஒரு வண்டி வந்தது. பழைய மாதிரி, நீளமானது, பாலாடை நிறம். கிட்டே வந்ததும் ஹெட்லைட்டை ஒரு தடவை அடித்தது. அத்தான் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய் சுவிட்சைத் தட்டிவிட்டது. அப்புறம்தான், "ஏய், நம்ம பேட்ஜ். நடுவுல பாரு, நம்ம பேட்ஜ்" என்றார். நானும் பார்த்தேன். அந்த வண்டியின் கம்பியில் வேறு எதுவும் இல்லை. நடுவில் அது ஒன்றுதான் இருந்தது.

அவர் வண்டியை நிறுத்தித் திருப்பினார். சாலை நேராக, வெறிச்சென்று கிடந்தது. திரும்பிப் போக அங்கே சந்து கிடையாது, வீடு கிடையாது, இரண்டு பக்கமும் தண்ணீருக்குப் போட்ட கம்பி வேலிதான். பல் டாக்டர் முன்னால் ஓரம் கட்டி நின்று எங்களுக்காகக் காத்திருந்தார். அவரிடம் கேட்டால், "எந்த வண்டி? கண்ணாடியில பாத்தேன், யாருமே இல்லாத ரோட்டுல நீங்க விளக்கு அடிச்சீங்க. எனக்குத்தான் அடிக்கிறீங்கன்னு நெனச்சு நிறுத்தினேன்" என்கிறார். எங்களைத் தாண்டிப் போவதற்கு முன் அந்த வண்டி அவரைத் தாண்டித்தானே வந்திருக்க வேண்டும்.

எனக்குக் கண்ணில் கோளாறு என்று மட்டும் சொல்லிவிடாதே. அடுத்தவர் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். அந்த வண்டி எங்களைக் கடந்தபோது உள்ளே ஆட்கள் இருந்தார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். நன்றாக உடுத்தியிருந்தார்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி. வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது. அப்படியென்றால் அவர்கள் முகத்தில் நேராக அடிக்கிறது. ஒருவர்கூடக் கண்ணைச் சுருக்கவில்லை. நீ எந்த மனிதனை வேண்டுமானாலும் வெயிலுக்கு நேராக நிறுத்திப் பார், கண் தானாகச் சுருங்கும். நாமாகத் தடுக்க முடியாது அது.

நான் இதை அத்தானிடம் சொல்லவில்லை. அவர் வழி நெடுக ஒரே குஷி. "இந்த ஊர்லயே ஒரு கிளப்பு இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று புலம்பிக்கொண்டே வந்தார். பல் டாக்டர் மட்டும் பேட்ஜைக் கொஞ்ச நேரம் தடவித் தடவிப் பார்த்தார். பின்னால் கையை விட்டு, முறிந்த பழைய திருகைத் தொட்டுவிட்டு என்னிடம் தனியாக வந்தார். "பிடுங்கினதுக்கும் உடைஞ்சதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதாம்மா? இதை யாரும் கழட்டல. வண்டி எங்கயோ மோதி, அதுல பிஞ்சு வந்திருக்கு" என்றார். சாதாரணமாக எந்தப் பேச்சிலும் ஒரு நகைச்சுவை வைக்கிற மனிதர். அன்றைக்கு வைக்கவில்லை.

அதற்கு அப்புறம் நடுவாரத்தில் ஒரு நாள், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், சாம்பல் நிற வண்டி ஒன்று. அதுவும் விளக்கை அடித்தது. இவரும் அடித்தார். நேற்று மார்க்கெட் திருப்பத்தில் இன்னொன்று. அங்கே அவ்வளவு கூட்டம், அவ்வளவு பழைய வண்டி போகிறது, ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நம் தெருவில் இவர் வண்டியை எடுத்தாலே போட்டோ எடுக்க நாலு பேர் நிற்பார்கள், உனக்குத் தெரியாது.

நீ ஒரு காரியம் செய். இதை யாரிடம் வாங்கினாய், அவர் என்ன சொல்லிக் கொடுத்தார், எல்லாவற்றையும் விவரமாக எழுது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் எழுது.

கூரை ஓட்டை அடைத்தாயிற்று. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

உன் அக்கா

*

அன்புத் தம்பி,

நீ எழுதியதைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் விற்கிறவர், எவ்வளவு கேட்டும் முதலில் கொடுக்க மாட்டேன் என்றார், பிறகு உன்னிடம் கார் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்று நீ சொன்னதும்தான் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய். நீ அதை ஒரு வேடிக்கை போல எழுதியிருக்கிறாய். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. மறுபடி போய்ப் பார்த்தபோது அந்த ஆள் அங்கே கடை போடுவதில்லை என்றார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. அத்தானுக்குப் பிடிக்குமே என்று ஆசையாக வாங்கியவன் நீ. அதை நினைத்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த அன்றே அந்த பேட்ஜை நானே கழற்றினேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஸ்பானர் எது, நட்டு எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் இத்தனை வருஷத்தில் எனக்கும் அத்துபடி. கழற்றிக் கடையில் லென்ஸ் வைக்கிற அலமாரியில் பூட்டி வைத்தேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன், பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் வந்து கம்பியைப் பார்த்தார். அந்தக் காலி இடத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பக்கூட இல்லை. "பேட்ஜ் எல்லாம் வெளியாளுக்குத் தெரியறதுக்குத்தான். சேந்தாச்சுன்னா அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்றார். ரொம்பச் சாந்தமாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

உண்மைதான். அன்று சாயங்காலம் வெறும் கம்பியோடு போனபோதும் விளக்கு அடித்தார்கள். முன்பெல்லாம் ஒரு தடவை அடிப்பார்கள், இப்போது இரண்டு தடவை. "எதுக்கு ரெண்டு?" என்று கேட்டேன். "கிளம்பப் போறாங்களாம். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை" என்றார். எங்கே என்றால், "ரோடு போற வரைக்கும்" என்கிறார். யார் உங்களிடம் சொன்னது என்றால், அவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது, கண் தெரியாதவரை நான் பார்க்கிற மாதிரி.

இப்போது எழுதப் போவதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. பல் டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. அத்தானுக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும், நான்தான் எழுதிக் கொடுத்தது. கொஞ்ச நாளாக அவர் அதைத் தொடுவதே இல்லை. கடையில் உட்காரவைத்துச் சோதித்தேன். அட்டையில் இருக்கிறதிலேயே பொடி வரியைத் தடங்கல் இல்லாமல் வாசித்தார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே. அப்புறம் சின்ன டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்க வேண்டும். குழந்தைக்கும் சுருங்கும், தூங்குகிறவருக்கும் சுருங்கும். இவருக்குச் சுருங்கவில்லை. பக்கத்தில் கொண்டுபோய் அடித்தேன். இமைக்காமல் சிரித்துக்கொண்டே, "நல்லா தெரியுது, இன்னும் அடி" என்றார். நான் டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அவருக்குத் தெரியாமல் வண்டியிலிருந்து ரோட்டரைக் கழற்றி எடுத்தேன். விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டு, அது இல்லாமல் எஞ்சின் உயிர் பிடிக்காது. வெளியூரில் வண்டியை நிறுத்தினால் திருட்டுப் போகாமல் இருக்க இப்படிச் செய்ய வேண்டும் என்று அவரே சொல்லிக் கொடுத்ததுதான். அவர் அதைத் தேடவில்லை. சாவி போட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் ஷெட்டில் ஷட்டரை இறக்கிவிட்டு வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

இன்று மதியம் டீ கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். ஷெட் இருட்டாக இருந்தது. வண்டி சுவரைப் பார்த்து நிற்கிறது, நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடம்தான் இருக்கும். அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. அந்த முகத்தில் வெளிச்சம் அடித்தது, தம்பி. எதிரே ஒரு வண்டி வரும்போது அடிக்குமே, அப்படி. ஸ்டியரிங்கின் நிழல் அவர் நெஞ்சில் விழுந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு அந்த வெளிச்சம் நகர்ந்து, கதவுப் பக்கமாக வந்து, என் கையில் இருந்த தம்ளரைத் தொட்டுக்கொண்டு பின்னால் போயிற்று. சுவரிலிருந்து வந்தது அது. அவர் சுவிட்சைத் தட்டிப் பதில் சொன்னார். நம் வண்டியின் விளக்கு எரிந்தபோது அங்கே சுவர்தான் இருந்தது, அவர் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கி வைத்த சாதாரணச் சுவர்.

இதை வைத்துக்கொண்டு நான் எந்த டாக்டரிடம் போவது? நீ கிளம்பி வருகிறேன் என்று மட்டும் எழுதாதே. வர வேண்டாம். நீ இங்கே வந்தால் அந்த வண்டியில் உட்காருவாய், எனக்கு அதைத் தடுக்கத் தெம்பு இல்லை.

உன் அக்கா

*

என் செல்லத் தம்பிக்கு,

நான் சொன்னதைக் கேட்டு வராமல் இருந்ததற்கு நன்றி. நீ தினமும் போன் செய்வது தெரிகிறது. எடுத்தால் அழுதுவிடுவேன், அப்புறம் நீ டிக்கெட் எடுத்துவிடுவாய். அதனால்தான் எடுக்கவில்லை.

நீ கடிதத்தில் எழுதிய யோசனைப்படியே செய்தேன். பல் டாக்டர் ஒரு லாரி பிடித்துக் கயிறு கட்டி வண்டியைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அத்தான் மறுக்கவே இல்லை. டாக்டர் தடுக்கி விழப் போகிறார் என்று அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஷெட் காலியானதும் எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ரசம் மாதிரி ஏதோ ஒன்று வைத்து இரண்டு பேருக்கும் தட்டில் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. போய்ப் பார்த்தால், காலி ஷெட்டுக்கு நடுவில் சமையலறை நாற்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கையும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற உயரத்தில் இருந்தன. முகத்தில் அதே வெளிச்சம்.

நான் தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்து எழுந்து நின்றார். "வாங்க. உங்களுக்கு இங்க ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். என்னைத்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னை "நீ" என்றும் "ஏய்" என்றும் கூப்பிட்ட மனிதர், கடைக்கு முதல் தடவை வருகிறவரிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு மரியாதையாக "நீங்க" என்றார். திட்டினாலும் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் உறைத்தது. அவர் போவதற்கு வண்டி வேண்டியதில்லை. அந்த நாற்காலியிலேயே போய்விடுவார். ஆனால் நாற்காலியில் ஒருவர்தான் உட்கார முடியும். வண்டி என்றால் பக்கத்தில் இன்னொரு இருக்கை இருக்கிறது.

மறுநாளே பல் டாக்டர் வீட்டுக்குப் போய் வண்டியைத் திரும்பக் கேட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம்மா என்றார். பிறகு, அந்த பேட்ஜையாவது தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார், உருக்கி விடுகிறாராம். உருக்க மாட்டார், தம்பி. சேகரிக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு நாள் எடுத்துப் பார்ப்பார், ஒரு நாள் துடைப்பார், ஒரு நாள் கம்பியில் வைத்து அழகு பார்ப்பார். அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அது இனி யார் கைக்கும் போகக் கூடாது. விடாமல் கேட்டு வண்டியை மட்டும் திரும்ப வரவழைத்தேன். நேற்று அந்த பேட்ஜை எடுத்து நம் வண்டியிலேயே நடு இடத்தில் வைத்து நட்டைக் கடைசிவரை இறுக்கிவிட்டேன். ரோட்டரையும் திரும்ப மாட்டினேன்.

நாளைக்கு அவர் சொன்ன ஞாயிறு. காலையில் நானும் அவரோடு போகிறேன்.

நான் ஏமாந்து போகிறேன் என்று நினைக்காதே. எனக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டி ஓட்டுவது அவர், வழி சொல்வது நான். எந்தப் பயணத்திலும் அப்படித்தான். அவருக்கு ஒரு ஊருக்கும் வழி தெரியாது, குழாய் எங்கே போகிறது என்று வரைவார், தெரு எங்கே போகிறது என்று தெரியாது. "இங்க திரும்புங்க" என்று நான் சொன்னால் கை தானாகத் திருப்பும். என் பெயர் மறந்து போயிருக்கலாம். அந்தப் பழக்கம் கையில் இருக்கிறது, மனதில் இல்லை. நேர் சாலை முடிவதற்குள் எங்காவது ஒரு திருப்பம் வரும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். கேட்டால் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிடுவோம். வந்ததும் முதல் வேலையாக உனக்குப் போன் செய்து, அந்தப் பெண்ணின் போட்டோவை அனுப்பு என்று உயிரை வாங்குவேன்.

கேட்கவில்லை என்றால், அவர் தனியாகப் போகவில்லை என்றாவது இருக்கட்டும். கிளப் போன பிறகு அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் ஓரம் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் விளக்கு அடித்துக் கூப்பிட்டால் போகத்தான் செய்வார். கூப்பிடுகிறவர்கள் யார் என்று பார்க்கிற வயது இல்லை அவர் மனதுக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்.

கடைச் சாவி பல் டாக்டரின் மனைவியிடம் இருக்கிறது. முடித்து வைத்த கண்ணாடிகள் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியிருக்கிறேன், வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார். உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் பீரோவில் மேல் தட்டில், என் கம்பளிச் சட்டைக்கு அடியில். அம்மா போனபோது உன் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் பிள்ளை பெறவில்லை என்று யாராவது இரங்கினால் எனக்குச் சிரிப்பு வரும். பெற்றவர்களுக்கே இல்லாத தொல்லை எல்லாம் உன்னிடம் பட்டேன். அந்தப் பெண்ணிடம் பேசு. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளாதே.

நீ கார் வாங்கப் போகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தாய். வாங்கு. புதிதாக, எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி ஒன்று வாங்கு. அதன் முகத்தில் எதையும் மாட்டாதே. ஒரு நாள் நீ ஓட்டிக்கொண்டு போகும்போது, நல்ல வெயிலில், எதிரே பழைய பச்சை வண்டி ஒன்று வந்து விளக்கை அடித்தால் நீ பதிலுக்கு அடிக்காதே. ஓட்டுகிறவர் உன் அத்தான் மாதிரி இருந்தாலும் அடிக்காதே. பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்து, சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாலும், உன்னைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அடிக்காதே. யாரோ போகிறார்கள் என்று பார்க்காமல் போய்விடு, ராஜா. அக்கா கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா